கம்ப்யூட்டருக்குள் ஒரு கங்காணி

எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் போகும் மலைப்பாதை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் அவர் மகனும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நேத்து உங்ககிட்ட மாட்டி நாலு தடவ செத்தேன்ப்பா,” என்றான் மகன்.

“என்னடா உளர்றே?”

“கம்ப்யூட்டர்ல ஒரு விளையாட்டு செஞ்சிருக்கேன். கொழுந்துக் கூடை நிரம்புறதுக்குள்ள கங்காணி வந்து புடிச்சிட்டா ஆள் காலி. சிங்கப்பூர்ல ஒரு கம்பெனிக்கு அது புடிச்சிருச்சு. இதே மாதிரி விளையாட்டு செய்ய வேலைக்குக் கூப்பிடுறாங்க. நீங்க சரின்னு சொன்னா பேங்க் கம்ப்யூட்டர் வேலைய விட்டுருவேன்.”

பெரியவர் மீசையை நீவிக்கொண்டார்.

“அந்தக் கங்காணி நானா?”

“ஆமாப்பா.”

“மீசை இருக்கா?”

“ரெண்டு புள்ளி வச்சிருக்கேன். அதுக்கு மேல இடம் பத்தல லா.”

“ரெண்டு புள்ளியா! இந்த மீசைக்கா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். பெரியவரும் சிரிப்பது கேட்டது.

“சரி, போய் வேலையில சேரு. ஆனா ஒண்ணு, கண்டவனெல்லாம் என்னைய லேசுல ஜெயிச்சிரக் கூடாது.”