கன்னி மூலையில் புல்தரை

மேற்குப் பார்த்த வீட்டைக் காலையில் படம் எடுப்பவனுக்குத் தொழில் தெரியாது, ஐயா. காலை வெயில் வீட்டின் முதுகில் விழும். முகப்பு இருண்டு கிடக்கும். சாயங்காலம் நாலே முக்கால் வரைக்கும் பொறுத்திருந்தால், கார்த்திகை மாதத்து வெயில் தாழ வந்து வாசல், ஜன்னல், மாடிக் கைப்பிடி எல்லாவற்றிலும் மஞ்சள் பூசிவிடும். பத்து வருஷத்துப் பழைய சுண்ணாம்புகூடப் புதிதாகத் தெரியும். அரை மணி நேரம்தான், அப்புறம் போய்விடும். நீங்கள் கிணற்றைப் பற்றித்தான் கேட்டீர்கள். வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் கிணற்றைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

என் பெயர் கந்தப்பன். திருப்பூர் மண்ணரையில் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து என்று எடுத்துக்கொண்டிருந்தவன், டிஜிட்டல் கேமரா வாங்கிய பிறகு விற்பனைக்கு வரும் வீடுகளை எடுக்க ஆரம்பித்தேன். பெங்களூரிலும் துபாயிலும் இருப்பவர்கள் இன்டர்நெட்டில் படம் பார்த்து வீடு தேடத் தொடங்கிய காலம் அது. புரோக்கர்கள் எடுத்த படங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். வாசலில் மொபெட், கொடியில் உள்பாவாடை, மூலையில் உடைந்த குடம். வீட்டை விற்கிறார்களா, குடித்தனத்தை விற்கிறார்களா என்றே தெரியாது. நான் அத்தனையையும் அப்புறப்படுத்துவேன். நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நின்று, இரண்டு பக்கச் சுவரும் தெரிகிற மாதிரி எடுப்பேன். வீடு ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரியும். கந்தப்பன் படம் போட்டால் மூன்று மாதத்தில் வீடு கைமாறும் என்று புரோக்கர்கள் மத்தியில் பேர் இருந்தது. அந்தப் பேரை நான் சும்மா வாங்கவில்லை.

ராமாயி எனக்கு வாசல் கூட்டிக் கொடுத்த பெண். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். புருஷன் சீனிச்சாமி நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார். இவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். என் ஸ்டுடியோவுக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லும் வீட்டுக்கு வந்து சுத்தம் செய்து வைப்பாள். கண் ரொம்பக் கூர்மை. துணியில் ஒரு தையல் விட்டிருந்தால் மூன்றடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். என் படங்களிலும் குறை கண்டுபிடிப்பாள், அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எனக்கு அவள்மேல் கோபமோ வேறு எண்ணமோ எதுவும் கிடையாது. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த மாதிரி விஷயத்தில் எல்லோரும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள்.

வெள்ளியங்கிரி என்பவருடைய வீடு அவிநாசிபாளையம் தாண்டி, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளித் தனியாக நிற்கிறது. சுற்றிலும் சோளக்காடு. நல்ல வீடு, ஆனால் இரண்டு வருஷமாக ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தும் விலை போகவில்லை. காரணம், முன்வாசலின் தென்மேற்கு மூலையில் ஒரு சேந்துகிணறு. வாய் ஐந்தடிதான், ஆழம் இருபத்தைந்தடி, அடியில் இடுப்பளவு தண்ணீர். கன்னி மூலையில் கிணறு இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தையும் சொல்லும். படத்தில் அதைப் பார்த்ததுமே ஆட்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

"ஏனுங்க தம்பி, அந்தக் கெணறு தெரியாமப் படம் எடுக்க முடியாதுங்களா?" என்று கேட்டார். "ஊட்ட நேர்ல வந்து பாத்தாங்கன்னா புடிச்சுப்போயிருமுங்க. வர வெக்கறதுதான் பெரும்பாடா இருக்குதுங்க."

"கைப்பிடிச் சுவத்த எடுத்துட்டீங்கன்னா மீதிய நான் பாத்துக்கறேனுங்க" என்றேன்.

வாங்குபவர் வருவது உறுதியானதும் மண் கொட்டி மூடிவிடுவதாக ஏற்பாடு. முன்னாலேயே மூட அவருக்கு மனமில்லை. வீடு விற்காமல் போனால் அந்தத் தண்ணீர் வேண்டுமே என்றார். நியாயம்தான்.

சனிக்கிழமை ஆள் வைத்துச் சுவரைத் தரைமட்டமாக இடித்தார். உருளையையும் கயிற்றையும் நான் கழற்றி வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கிணற்று வாயில் மூங்கில் தப்பைகளை அடுக்கி, தென்னந்தடுக்கு போட்டு, அதன்மேல் மூலை முழுவதையும் மூடுகிற மாதிரி பச்சை டெர்ரித் துணியை விரித்தேன். துவாலையில் இருப்பதுபோல் நூல் எழும்பி நிற்கும் துணி. சாயத்தில் ஷேடு மாறிவிட்டது என்று வெளிநாட்டுக்காரன் தள்ளிவிட்ட ரோல், காதர்பேட்டைத் துணிக்கடையில் கிடைத்தது. இருபதடி தள்ளி நின்று பார்த்தால் அசல் புல்தரை. எனக்குப் பெருமையாக இருந்தது, ஐயா. திருப்பூரில் இத்தனை துணி புரள்கிறது, வேறு ஒருவனுக்கும் இது தோன்றவில்லையே என்று நினைத்தேன்.

ராமாயிக்கு அன்றைக்குக் கம்பெனியில் ஓவர்டைம். நேரமாகிவிட்டதால் நானே வாசலைக் கூட்டிவிட்டேன். பஸ் பிடித்து அவள் வந்து சேரும்போது மணி நாலு ஐம்பது. அந்த வீட்டுக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை; அங்கே கிணறு இருப்பது அவளுக்குத் தெரியாது. நான் எதிர்ப்பக்கம் ஸ்டாண்டில் கேமராவைப் பூட்டிவிட்டேன். வெயில் அருமையாக விழுந்துகொண்டிருந்தது.

வந்தவள் துணியைத்தான் முதலில் பார்த்தாள். "ஏண்ணே, நல்ல துணிய இப்படி மண்ணுல போட்டுருக்கீக. நடுவுல சுருக்கம் வேற விழுந்திருக்கு பாருங்க. படத்துல தெரியாதா?"

கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தேன். சுருக்கம் தெரிந்தது.

"ஆமா கண்ணு, தெரியுது. கொஞ்சம் இழுத்து உட்டுரு" என்றேன்.

செருப்பைத் துணியின் ஓரத்தில் கழற்றி வைத்தாள். கம்பெனியில் துணிமேல் செருப்புக் காலை வைக்க விடமாட்டார்கள், அந்தப் பழக்கம். பிறகு வெறுங்காலோடு நடுவுக்கு நடந்தாள். ஓரத்தில் நின்று இழுப்பாள் என்று நினைத்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நடுவில் விழுந்த சுருக்கத்தை ஓரத்தில் நின்று எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியாததல்ல. கேமரா வழியாகப் பார்க்கும்போது அங்கே கிணறு இல்லை, ஐயா. புல்தரைதான் இருந்தது. என்னால் அவ்வளவுதான் விளக்க முடியும்.

பெரிதாகச் சத்தம் வரவில்லை. தப்பைகள் முறிந்த சத்தம், பிறகு தண்ணீர்ச் சத்தம். ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அண்ணே, கால் ஒடிஞ்சு போச்சு போலருக்கு. கயிறு ஏதாச்சும் போடுங்கண்ணே."

மணியைப் பார்த்தேன். "இரு கண்ணு. வெளிச்சம் போயிரும். அஞ்சே நிமிஷம்" என்றேன்.

"சரிண்ணே" என்றாள். வேலை என்றால் அவள் எப்போதும் ஒத்துழைப்பாள்.

துணி பாதி உள்ளே தொங்கியது. அதை மேலே இழுத்து, மிச்சமிருந்த தப்பைகளை வைத்து, மறுபடியும் விரித்து ஓரங்களில் கல் வைத்தேன். இந்தத் தடவை சுருக்கமே இல்லை. முதல் படத்தில் செருப்பு விழுந்துவிட்டது. அதை அப்புறப்படுத்திவிட்டு மற்றதை எடுத்தேன். அந்த முதல் படத்தை அழித்திருக்கலாம். வெளிச்சம் அதில்தான் பிரமாதமாக இருந்தது, சி.டி.யில் வைத்துக்கொண்டேன். நீங்கள் என் அலமாரியிலிருந்து எடுத்தது அதுதான். முதல் படம் எத்தனை மணி, கடைசிப் படம் எத்தனை மணி என்று கேமராவே எழுதிவைத்திருக்கிறது. இருபத்தோரு நிமிஷம். அதில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கூப்பிடவில்லை. சமாதானமாகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

வெளிச்சம் போனதும் கயிறு எடுக்கப் பின்பக்கம் போனேன். உண்மையாகவே எடுக்கத்தான் போனேன். போகிற வழியில் யோசித்தேன். கால் ஒடிந்தவளை ஒற்றை ஆளாக மேலே ஏற்ற முடியாது, ஆள் கூப்பிட வேண்டும். ஆள் வந்தால் தீயணைப்பு வண்டி வரும், பேப்பரில் வரும். கன்னி மூலைக் கிணற்றில் பெண் விழுந்த வீடு என்று பேராகிவிட்டால் அதை எவனும் தொடமாட்டான். துணி விரித்து ஏமாற்றுகிறவன் என்று என்னையும் எவனும் கூப்பிடமாட்டான். இதையெல்லாம் சமாளித்தாலும், ஏன் என்னை மூடிவைத்துவிட்டுப் படம் எடுத்தீர்கள் என்று அவளே கேட்பாள். அந்தக் கேள்விக்கு எவ்வளவு யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கயிற்றை இருந்த இடத்திலேயே போட்டுவிட்டுச் செருப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திங்கட்கிழமை மதியமே பெங்களூரிலிருந்து அருண்குமார் என்பவர் போன் செய்தார். புல்தரை ரொம்பப் பிடித்துவிட்டதாம், அந்த வாரமே நேரில் பார்க்க வருகிறாராம். செவ்வாய்க்கிழமை காலையில் டிப்பர் வந்தது. "உங்க கை ராசியான கைங்க தம்பி" என்று வெள்ளியங்கிரி ஐயா என் தோளைத் தட்டினார். அவருக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். துணி, தடுக்கு எல்லாவற்றோடும் சேர்த்தே கொட்டிவிடலாம், மக்கி மண்ணாகிவிடும் என்று நான்தான் சொன்னேன். முதல் லோடு விழுவதற்கு முன்னால் கிணற்றோரம் குனிந்து ராமாயி என்று கூப்பிட்டேன். ஆட்கள் நின்றிருந்ததால் மெதுவாகத்தான் கூப்பிட்டேன். பதில் வந்ததா என்று கேட்கிறீர்கள். டிப்பர் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ கேட்டது. அது எது என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. கையைக் காட்டினேன், கொட்டினார்கள்.

மூன்று வருஷம் கழித்து அருண்குமார் மேல்நிலைத் தொட்டி கட்ட அதே மூலையைத் தோண்டுவார் என்று யார் கண்டது. கன்னி மூலையில் கனம் இருக்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். தோண்டினால் பழைய கிணறு. மூடின மண்ணை அடிவரைக்கும் எடுத்துவிட்டுப் புது மண் போட்டால்தான் தோஷம் போகும் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். மேஸ்திரி லிங்கசாமி நாலு நாள் தோண்டி மேலே கொண்டுவந்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. அவள் அன்றைக்கு வேலைக்கு வரவே இல்லை, நானேதான் கூட்டினேன் என்று சீனிச்சாமியிடம் சொன்னேன், கூட்டியது உண்மைதான். எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று லைன் வீட்டுப் பெண்கள் பேசியபோது சத்தம் போட்டு அடக்கியதும் நான்தான். காணவில்லை நோட்டீசுக்கு அவர்களுடைய கல்யாணப் படத்திலிருந்து அவள் முகத்தை மட்டும் தனியாக எடுத்து, யார் பார்த்தாலும் அடையாளம் தெரிகிற மாதிரி வெளிச்சம் கூட்டிக் கொடுத்தேன். பழனி, மதுரை, திருச்செந்தூர் என்று பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாகப் பசை வாளியைப் பிடித்துக்கொண்டு அவரோடு அலைந்தேன். அவள் இல்லாத இடம் ஒன்றையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. "நீங்க இல்லாட்டி நான் என்னைக்கோ செத்துருப்பேண்ணே" என்று போன வருஷம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவர்தானே? குரல் கேட்டது. எலும்பு யாருடையது என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நல்லது, அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். முதலில் அவரை உள்ளே கூப்பிட்டு, கந்தப்பன் எப்படிப்பட்ட ஆள் என்று கேளுங்கள்.