மறதிக்காரி

முதலில் காபியைக் குடியுங்கள், கார்ப்பரல். ஆறிப்போனால் இந்த வீட்டுக் காபியை வாயில் வைக்க முடியாது.

போலீஸ் உடுப்பில் இருந்தாலும் நீங்கள் நகரத்துப் பிள்ளை. கனோலாவை அறுத்துவிட்டால் அதன் உயிர் போய்விடும் என்று நினைத்திருப்பீர்கள். போகாது. இரும்புக் குதிரில் கொட்டிய பிறகும் வாரக்கணக்கில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ஈரத்தோடு கொட்டினால் வியர்க்கும், சூடேறும், கட்டிதட்டும், கடைசியில் உள்ளுக்குள்ளேயே கருகும். கடுகு மாதிரி உருண்டை விதை. கையை விட்டால் தண்ணீருக்குள் விட்டதுபோல் இறங்கிக்கொண்டே போகும்.

அப்பா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து இந்த நிலத்தைப் பார்த்தவள் நான். விதைப்பு, மருந்தடிப்பு, அறுப்பு, விற்பனை எல்லாம். அவர் போனதும் நிலம் என் தம்பி நெஸ்டர் பேருக்குப் போனது. கால்கரியில் கார் விற்றுக்கொண்டிருந்தவன் ஊருக்கு வந்து சேர்ந்தான். நிலம் மகனுக்குத்தான் என்பது எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த விஷயமல்ல. அதில் எனக்கு வருத்தமில்லை. சமையலறைக்குப் பக்கத்து அறை எனக்கு இருந்தது. டிராக்டரும் இருந்தது.

இந்தச் செப்டம்பரில் மழை விடவே இல்லை. நடுவில் ஒரு நாள் வெயில் அடித்ததும் நெஸ்டர் அறுவடை இயந்திரத்தை வெளியே எடுத்தான்.

“ஈரமா இருக்குடா. கொஞ்சம் பொறு,” என்றேன்.

“ஸ்டெஃபா, நீ டிராக்டர ஓட்டு. மூளைய நான் ஓட்டிக்கிறேன்.”

சரி, கொட்டியாயிற்று. குதிரின் அடியில் காற்று ஊதும் பெரிய ஃபேன் ஒன்று உண்டு. அதைப் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அணைந்திருந்தது. மறுபடி போட்டேன். மறுபடி அணைத்தான். கரன்ட் வீணாகிறதாம். வெளியே எடுத்துத் திருப்பிக் கொட்டலாம், சூடு தணியும் என்றேன். ஹாக்கி பார்க்கக் கால்கரிக்குப் போய்விட்டான்.

நவம்பரில் வாசனை வந்தது. வறுக்கும்போது தீய்ந்துபோன எண்ணெய்விதை வாசனை. அந்த வாசனையை நான் என் தலையணையில்கூட முகர்ந்தேன்.

பெட்ரோல் பங்க் கடையில் காலையில் ஆண்கள் கூடுவார்களே, தாயக்கட்டை உருட்டித் தோற்றவன் எல்லோருக்கும் காபி வாங்கித் தர வேண்டும் என்று. ரொட்டி வாங்க அங்கே போயிருந்தேன். நெஸ்டர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

“எங்கக்கா ஃபேன் போட மறந்துட்டா. என்ன பண்றது, வயசாவுதில்ல? அன்னிக்குக் கண்ணாடியப் போட்டுக்கிட்டே கண்ணாடியத் தேடுறா.”

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துப் பண்ணை வால்டர் என்னைப் பார்த்துவிட்டான். எழுந்து வந்து தோளில் தட்டினான்.

“பரவால்ல ஸ்டெஃபா. எங்க வீட்லயும் ஒண்ணு இப்டித்தான், அடுப்புல ஏத்திட்டு அடுத்த வீட்டுக்குப் போயிரும்.”

அதே மேசையிலிருந்து அதே வால்டர் ஒவ்வொரு மே மாதமும், மண் சூடேறிவிட்டதா, விதைக்கலாமா என்று என்னிடம்தான் கேட்டுவிட்டுப் போவான். நானும் சிரித்தேன். ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் குதிரில் இருந்ததைக் காலி செய்ய ஆரம்பித்தோம். டிராக்டர் விசையில் சுழலும் திருகுக்குழாய் கனோலாவை அடியிலிருந்து இழுத்து லாரியில் கொட்டும். சிறிது நேரத்தில் வரத்து நின்றுவிட்டது. மேலே கட்டிதட்டிப் பாலம்போல் நின்றுகொண்டிருந்தது. யாராவது உள்ளே இறங்கிக் கம்பியால் உடைக்க வேண்டும்.

உள்ளே இறங்குகிறவர் டிராக்டரை நிறுத்தி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். இந்தப் பக்கத்து வழக்கம் அது; குழாய் ஓடினால் விதையோடு சேர்த்து ஆளையும் உள்ளே இழுத்துவிடும். நெஸ்டரும் அதைச் சரியாகச் செய்தான். சாவியை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினான்.

“இது என்கிட்ட இருக்கட்டும். உன்ன நம்ப முடியாது, நான் உள்ள இருக்கிறதயே மறந்துருவ.”

அவன் கார் விற்றவன். ஒரு வண்டிக்கு ஒரு சாவி என்று நினைத்தான். இந்த ரக டிராக்டர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சாவிதான். என் கோட்டுப் பையில் எப்போதும் ஒன்று கிடக்கும், கைக்குட்டையோடு.

அவன் ஏணியில் ஏறி உள்ளே இறங்கும்வரை காத்திருந்தேன். கம்பியால் குத்தும் சத்தம் கேட்டது. பிறகு டிராக்டரைக் கிளப்பினேன்.

கத்தினான் என்று சொல்ல முடியாது. இரும்புச் சுவரில் தட்டினான். ஒரு தடவை “அக்கா” என்றான். ஊருக்கு வந்ததிலிருந்து என் முகத்தைப் பார்த்து அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. கனோலா நன்றாக வந்துகொண்டிருந்தது. பாதியில் நிறுத்தினால் திரும்பவும் கட்டிதட்டும். லாரி நிறையும்வரை ஓடவிட்டேன். தார்ப்பாயை இழுத்துக் கட்டிய பிறகுதான் வால்டருக்கு போன் செய்தேன்.

தீயணைப்புக்காரர்கள் குதிரின் பக்கத்தை ரம்பத்தால் அறுத்தார்கள். கருகாத நல்ல விதையும் பனியில் கொட்டிப்போயிற்று. அது தேவையில்லாத நஷ்டம். மேலிருந்தே எடுத்திருக்கலாம்.

வால்டர்தான் முதலில் வந்தவன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “அவன் உள்ள இருக்கான்னு மறந்துட்டியா, ஸ்டெஃபா?” என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான். நான் மறந்துவிட்டதாகவே அவன் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். அடக்கத்துக்கு முட்டைக்கோசுச் சுருள்கள் செய்துகொண்டு வந்த தேவாலயப் பெண்கள் ஒவ்வொருத்தியாக என் கன்னத்தைத் தடவினார்கள். “உன் மேல தப்பில்லடி. மறதி யாருக்கும் வர்றதுதான்.” இந்த அறை முழுக்க அந்தச் சொல்தான். நீங்கள்கூடத் தொப்பியைக் கழற்றிக்கொண்டே அதைத்தான் சொன்னீர்கள், நல்ல மனதோடு.

அதனால்தான் உங்களை உட்காரச் சொன்னேன்.

நான் மறக்கவில்லை. அவன் எந்த இடத்தில் நின்றான், எந்தக் கையில் கம்பி வைத்திருந்தான், எல்லாம் தெரிந்துதான் சாவியைத் திருகினேன். அப்படியே எழுதுங்கள். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். எனக்குக் கோபம் வராது, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இன்னொன்று. ஃபேனை அணைத்தது அவன்தான். அதை முதலில் எழுதுங்கள்.