எட்டு மில்லிமீட்டர்

கண்ணாடி விற்கிறவனுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம், டாக்டர். இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருக்கிற ஆளை இருபத்தைந்து வருஷத்தில் நான் பார்த்ததில்லை. அதைக் கவனிக்காமல் சட்டத்தை மாட்டிவிட்டால் மூக்கு புண்ணாகும், பழி பவர் மேல் விழும். கடத்தூரில் தஸ்தகீர் பாய் கைபட்டால் சரியாக இருக்கும் என்று சொல்வது இந்தப் பொறுமைக்காகத்தான்.

சாலம்மாளின் பழைய கண் முகாம் சீட்டைக் காட்டி, இந்தத் தசை எட்டு மில்லிமீட்டர் தூக்கியிருக்க வழியே இல்லையே, யார் எழுதியது என்று கேட்டீர்கள். நான்தான் எழுதினேன். இரண்டு வருஷமும் நான்தான்.

பிறவியிலேயே அவளுக்கு இரண்டு மேலிமையும் பாதிக் கண்ணுக்கு இறங்கியிருக்கும். முகத்தை அண்ணாந்து, நெற்றியைச் சுருக்கித்தான் எதிரில் நிற்பவரைப் பார்ப்பாள். அதனாலேயே ஊரில் திமிர் பிடித்தவள் என்று பெயர். அறுபத்தாறாம் வருஷம், அவளுக்கு இருபது வயதில், அவள் அம்மா கோவிந்தம்மாள் என் கடைக்கு அழைத்து வந்தார். சட்டத்தின் உள்பக்கம் மெல்லிய கம்பியை வளைத்துப் பற்றவைத்து, இமையை அதன்மேல் ஏற்றி உட்காரவைத்தேன். முட்டுக்கம்பி என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். சாலம்மாள் முதல் தடவையாகத் தலையை நேராக வைத்து அம்மாவைப் பார்த்தாள்.

"நீ இவ்ளோ குள்ளமாம்மா?" என்று கேட்டுச் சிரித்தாள். கோவிந்தம்மாள் அழுதுவிட்டார்.

அந்தக் கம்பி வாராவாரம் தளரும். சந்தை நாளில் வந்து உட்காருவாள். புருவத்தைக் கட்டைவிரலால் பிடித்து, இமையைத் துடைத்து, கம்பியை வளைத்து மாட்டுவேன். என் மனைவி ஜான் பீ மௌத்தான பிறகு என் கைக்காக ஒருத்தர் காத்திருந்தது அந்த அரைமணி நேரம் மட்டும்தான். மகளைப் போல நினைத்தேன் என்று சொல்ல ஆசை. அது உண்மையில்லை. வேறு என்ன பெயர் வைப்பதென்றும் எனக்குத் தெரியவில்லை.

மூன்று வருஷம் இப்படிப் போனது. பிறகு மாரண்டஹள்ளியில் தக்காளி வியாபாரம் செய்யும் முனிராஜ் அவளைப் பார்க்க வந்தான். நல்ல பையன், குறை சொல்ல முடியாது. அவன் அம்மாதான் மணவறையில் கம்பிக் கண்ணாடியோடு உட்கார முடியாது, ஆபரேஷன் ஆகட்டும், தை மாதம் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அந்த வருஷம் கடத்தூரில் கண் முகாம் போட்டார்கள். வெளியூர் டாக்டர் ஒருவர் வந்தார். கண்புரைக்காரர்கள் மட்டும் இருநூறு பேர். அவருக்கு நான் ஒத்தாசை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் நான் அறிந்துதான் செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன். இமையைத் தூக்கும் தசையில் உயிர் இருந்தால் அதையே வெட்டிச் சுருக்கித் தைக்கலாம். உயிர் இல்லையென்றால் தொடையிலிருந்து நார் எடுத்து இமையை நெற்றித் தசையோடு கட்ட வேண்டும். எது என்பதை ஓர் அளவு முடிவு செய்யும். புருவத்தை விரலால் அழுத்திக்கொண்டு, கீழே பார்க்கச் சொல்லி, மேலே பார்க்கச் சொல்லி, இமை எவ்வளவு ஏறுகிறது என்று ஸ்கேலில் பார்க்க வேண்டும். அழுத்தாவிட்டால் நெற்றி திருட்டுத்தனமாக உதவிக்கு வந்துவிடும்.

டாக்டர் கை வைக்கப் போனதும் கோவிந்தம்மாள் தடுத்தார். "பாயே தொட்டுப் பாக்கட்டுங்க, அவருக்குத்தாங்க பழக்கம்." டாக்டருக்கும் வேலை மிச்சம். ஸ்கேலை என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். கோவிந்தம்மாள் என் காதருகே வந்தார்.

"கல்யாணம் ஆவாத புள்ளைங்க பாய். தொடையில தையல் இருந்தா போற வூட்ல என்னான்னு கேக்கமாட்டாங்களா? அது வேணாங்கற மாதிரி நீங்களே பாத்துச் சொல்லுங்க."

முதலில் அழுத்திப் பிடித்தேன். இரண்டு மில்லிமீட்டர். பிறகு கட்டைவிரலைத் தளர்த்தினேன். எட்டு. எட்டு என்று எழுதினேன்.

தசையைச் சுருக்கித் தைத்தார்கள். மூன்று மாதத்தில் இமை பழையபடி இறங்கிவிட்டது. சந்தை நாளில் வந்து அழுதாள். மேசைக்குள் வைத்திருந்த அவளுடைய கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டேன். அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன். இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

முனிராஜ் ஒரு வருஷம் காத்திருக்கிறேன் என்றான். எழுபதில் அதே டாக்டர் வந்தார். எட்டு இருந்தும் ஏன் தூக்கவில்லை என்று குழம்பி, மறுபடி அளக்கச் சொன்னார். மறுபடி எட்டுதான் வந்தது. இந்தத் தடவை தசையை நிறைய வெட்டினார். இமை ஏறி நின்றது, டாக்டர். மூடத்தான் இல்லை.

தூங்கும்போது களிம்பு போட்டுத் துணி கட்டச் சொன்னார். நானும் அவர்களிடம் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிறவள். துணி வேறு எதற்கு என்று விட்டுவிட்டாள். கண் திறந்தே கிடப்பது அம்மாவுக்குத் தெரியவில்லை. கேழ்வரகு அடிக்கிற காலம், களமெல்லாம் தூசி. கண் சிவந்ததும் என்னிடம்தான் வந்தார்கள். சேலத்துக்குப் போங்கள் என்று அன்றே சொல்லியிருக்கலாம். பத்து நாள் நானே சொட்டு மருந்து விட்டேன். பிறகு கருவிழி இரண்டும் பால் படிந்து வெளுத்துவிட்டன.

முனிராஜ் வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். யாருங்க என்று கேட்டாள். அவன் எழுந்து, வெளியே வந்து அழுதான். அதற்குப் பிறகு வரவில்லை.

மூன்று வருஷமாகச் சந்தை நாளில் நான்தான் சைக்கிளில் அவள் வீட்டுக்குப் போகிறேன். எரிச்சலுக்கு மருந்து விட்டு வருகிறேன். போன வாரம் மருந்து விடும்போது அவள் சொன்னாள்:

"மொதல் தடவையே எனக்குத் தெரியுங்க பாய். உங்க வெரலு லேசாச்சு. தொடையில கத்தி வேணாமுன்னு அம்மா கெஞ்சுச்சே, அதுக்குத்தானே? எனக்கோசரம் பொய் எழுதுனீங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க."

"ஆமாம்மா, அதுக்குத்தான்" என்றேன்.

அதற்காக இல்லை, டாக்டர். அவள் மாரண்டஹள்ளிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. இமை மறுபடி இறங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். கண் போகும் என்று நினைக்கவில்லை. போன பிறகு, இனி அவளை யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் போலீசுக்கு எழுதுவதானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்னை வியாழக்கிழமைக்குள் மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அன்றைக்குச் சந்தை. அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?