நெருப்பில்லாத குடில்

குளிர்காலத்தில் கீரை வளர்ப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஐயா. பகல் வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும். எங்கள் பசுமைக்குடில் தெற்குப் பார்த்தது. முன்பக்கம் சாய்வாக இரட்டைப் பிளாஸ்டிக் தகடு, பின்சுவரை ஒட்டித் தண்ணீர் நிரப்பிய கறுப்பு இரும்பு டிரம்கள். பகலெல்லாம் டிரம் வெயிலைக் குடிக்கும், இருட்டியதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். விறகு வேண்டாம், கரண்டு வேண்டாம். கட்டியது நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

சாயங்காலம் ஒரு வேலை இருக்கிறது. பிடித்த சூடு போய்விடாமல் வைக்கோல் பாய்களை வெளியிலிருந்து இறக்கிக் கட்ட வேண்டும். காற்றுத் துவாரங்களை மூடி, கதவைத் தாழிட்டு, இடுக்குகளில் சாக்குத் துணியைத் திணிக்க வேண்டும். பழகிப்போய்விட்டது, கை தானாகச் செய்யும்.

தங்கையின் கணவர் நல்ல மனிதர். வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. என் குடிலைப் பார்த்தும் சிரித்தார். “சூரியன் வேலைக்கு வந்தாத்தான் உங்க குடிலுக்குச் சோறு, மச்சான். அவரு லீவு போட்டா?” என்பார். தங்கையும் சேர்ந்து சிரிப்பாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவன் நான்.

இந்தக் குளிர்காலத்தில் நாள்கணக்கில் மேகம் கலையவில்லை. டிரம்கள் சில்லிட்டுக் கிடந்தன. நாற்றுகள் தலை தொங்கிப்போயின.

“ஒரு கரி அடுப்பு வெச்சாப் போதும் மச்சான். வீம்புக்கு எல்லாத்தையும் சாகடிச்சுடாதீங்க,” என்றார் மாப்பிள்ளை.

“அவரு சொல்றது சரிதானேண்ணே,” என்றாள் தங்கை.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. காற்றுப் புகாத இடத்தில் கரி எரிந்தால் ஆளையே முடித்துவிடும் என்று இருவருக்கும் எடுத்துச் சொன்னேன். மாப்பிள்ளை தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் பாய் இறக்கப் போனேன். உள்ளே அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் சாக்கை விரித்து மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார். துவாரங்களை எல்லாம் திறந்து வைத்திருந்தார். நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டிருக்கிறார், பாவம். நாற்றுகள் நிமிர்ந்து நின்றன. அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

துவாரங்களை மூடினேன். பாய்களை இறக்கிக் கட்டினேன். கதவைத் தாழிட்டு, இடுக்குகளில் துணியைத் திணித்தேன். எல்லா நாளும் செய்வதுதான்.

காலையில் தங்கைதான் கதவைத் திறந்தாள். அழுது ஓய்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “உள்ள இருக்காருன்னு உனக்கு எப்படிண்ணே தெரியும்? நீ படிச்சுப் படிச்சுச் சொன்ன. அவருதான் கேக்கல,” என்றாள். இன்றுவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது வெயில் வந்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் டிரம் குளிர்ந்து, இரும்பு சுருங்கி, டொக் டொக்கென்று சத்தம் எழும். நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பவள் கையை நிறுத்திவிட்டு, “யாரோ தட்டற மாதிரி இருக்குண்ணே,” என்பாள். இரும்பு சுருங்குகிறது, வேறொன்றுமில்லை என்பேன். நம்பிவிடுவாள்.

அன்றும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று டிரம்மில் சூடே இல்லை, சுருங்குவதற்கு. இரும்பு ‘மச்சான்’ என்று கூப்பிடவும் செய்யாது. சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

கொன்றது நான்தான், அதை எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்த அடுப்பு பாதிக் கரி மிச்சமிருக்கும்போதே அணைந்துவிட்டது. நாற்றுகளைப் பிழைக்க வைத்தது என் டிரம்கள்தான்.