வாழைக்காரர் வீட்டுப் பிளாஸ்டிக் இலை

எங்கள் மாமா ரசம் ஊற்றும் முன் பந்தியிலிருந்து எழுந்ததே இல்லை. அவரே பாதிச் சோற்றில் சாய்ந்துவிட்டார் என்றதும், என்ன சாப்பிட்டார் என்று என்னைத் தனியாக அழைத்துக் கேட்டீர்கள், டாக்டர். சோறு, கறிக்குழம்பு. எதில் சாப்பிட்டார் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

மாமா சுருளியாண்டிக்குச் சின்னமனூரில் வாழைத் தோட்டம். அவர் வீட்டில் தங்கித்தான் விலங்கியல் படிக்கிறேன். வந்த புதிதில் சாப்பிட ஓர் இலை அறுத்தேன்.

"ஏலே மாப்ளே, விக்கிற எலையில சோறு திங்க நீ என்ன ஜமீன் வாரிசா?"

அதனால் சாப்பிட்டுத் தூக்கியெறியும் பச்சைப் பிளாஸ்டிக் இலை ஒரு கட்டு வாங்கி வந்தேன். நடுநரம்புகூட அச்சடித்திருந்தது. தட்டுக் கழுவும் வேலை மிச்சம் என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம்.

மெத்தென்று வளைவதாகப் பார்த்துத்தான் எடுத்தேன். பிளாஸ்டிக்கை அப்படி வளைய வைக்கும் ரசாயனம்தான் என் ஆய்வு. சூடும் எண்ணெயும் பட்டால் அது சோற்றில் இறங்கலாம்; இதயச் செல்களைக் கெடுத்துத் துடிப்பின் தாளத்தைக் கலைக்கலாம் என்கிறார்கள். பெரும்பாலும் எலிகளில் பார்த்தது. எங்கள் கல்லூரியில் எலி வாங்கித் தர மாட்டார்கள். மாமா இருந்தார்.

அவருக்கு நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் ஒன்று பரிசளித்தேன். அது காட்டுவது என் கைபேசிக்கும் வரும். மருமகன் பாசத்தைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தார்.

பிறகு ஒருநாள், "நெஞ்சுக்குள்ள தவள குதிக்கிற மாதிரி இருக்குடா மாப்ளே" என்றார்.

குதித்ததை நானும் கைபேசியில் பார்த்திருந்தேன். "வாயுவா இருக்கும் மாமா. சூடா இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்கங்க" என்றேன்.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒங்க மாமா ராத்திரியெல்லாம் நெஞ்சத் தடவிக்கிட்டே கெடந்தாக. டாக்டர்ட்ட காட்டிருவமாப்பா?"

"என் பரீட்ச முடியட்டும் அத்த, நானே கூட்டிட்டுப் போறேன்."

அவசரப்பட்டு என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். ஒரே ஆளை வைத்து அறிவியலில் எதுவும் சொல்ல முடியாது. அதே குழம்பை நல்ல வாழையிலையில் சாப்பிடும் இன்னொருவரும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. அந்தச் சிரமத்தை நான் ஏற்றுக்கொண்டேன். தினமும் மாமாவுக்குத் தெரியாமல் தோட்டத்தில் ஓர் இலை அறுத்து, மொட்டை மாடியில் போய்ச் சாப்பிட்டேன். என் இதயம் நன்றாக இருக்கிறது.

மாமா பிழைத்துக்கொள்வார் என்கிறீர்கள். மகிழ்ச்சி. கண் விழித்ததும் மற்றதையெல்லாம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

இலை அறுத்ததை மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். அவர் இதயம் தாங்காது.