தண்ணீரிலிருந்து வருகிறவர்

எண்பதுகளில் ஒரு மாலை, பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு மீனவப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்க அண்ணன் படம்தான் ஊட்ல கீதே. மறுபடியும் இன்னாத்துக்கு ஸ்டூடியோ போற அண்ணி?" என்றாள் இளையவள்.

மூத்தவளின் மடியில் புதிதாகப் போட்ட கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. "படத்துக்கா போறேன்? அவரு தண்ணியிலேர்ந்து வர்றதப் பாக்கப் போறேன்."

"இன்னா சொல்ற?"

"ஸ்டூடியோக்காரரு இருட்டு ரூம்புல செவப்பு லைட்டு போட்டு, வெள்ளக் காயிதத்த மருந்துத் தண்ணியில போடுறாரு. மொதல்ல ஒண்ணுமே தெரியாது. அப்பறம் மீசை வருது, கண்ணு வருது. கடலுக்குப் போனவரு பொணமாக்கூட திரும்பல. அங்கதான் வர்றாரு. இன்னும் கொஞ்ச நேரம் உடுங்கன்னு கேட்டேன். உட்டா மொகம் கறுத்துடும்னு எடுத்துட்டாரு."

"மெட்ராஸ்ல இப்ப மிஷினே படம் போட்டுத் தருதாம். பளபளன்னு இருக்குமாம்."

"அது காஞ்சிபோயி கவருக்குள்ள வரும். எனக்கு வேணாம்."

ஏரி தெரியத் தொடங்கியபோது இளையவள் மெதுவாகக் கேட்டாள்:

"அடுத்த தபா என்னியும் இட்டுகினு போறியா அண்ணி?"