துப்பாக்கி யார் கைக்குப் போகுது?

“வீட்டிலேயே முதல்ல படிச்சவ நீ. பேங்க் பரீட்சை எழுதாம, ஆயுத வியாபாரச் சட்டம் உனக்கெதுக்கும்மா?” என்று மாமா கேட்டிருந்தார். அதனால் அந்தச் சட்டத்துக்கான பயிற்சி தொடங்கிய பிறகும் பெயர் கொடுக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

சிவாஜிநகரில் பஸ் ஏறினேன். முன்சீட்டில், பேச்சிலேயே சுங்க அதிகாரி என்று தெரிந்த ஒருவர் மனைவியிடம் அதே பயிற்சியைப் பற்றிப் புலம்பிக்கொண்டு வந்தார்.

“இன்னைக்கு வகுப்புல என்னைத் துப்பாக்கி ஏற்றுமதிக்கு லைசென்ஸ் கொடுக்கிறவரா நடிக்கச் சொன்னாங்க. பேப்பரெல்லாம் கரெக்ட்டா இருக்குன்னு சீல் குத்திட்டேன். கடைசியில துப்பாக்கி யார் கைக்குப் போகுதுன்னு கேக்கவே இல்ல. கூடப் பயிற்சிக்கு வந்த தொண்டு நிறுவனத்துப் பொண்ணுங்க சிரிச்சுட்டாங்க. நாளைக்கு நான் போகல.”

“நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்போ மட்டும் தெருத்தெருவா விசாரிச்சீங்களே!”

“பொண்ணும் துப்பாக்கியும் ஒண்ணாடி?”

“யார் கையில கொடுக்கறோம்னு பார்க்கணும்ல? அதே மாதிரி நாளைக்குக் கேளுங்க.”

அவர் சிரித்துவிட்டார். “சரி, நீலச் சட்டைய இஸ்திரி போட்டு வை.”

லிங்கராஜபுரத்தில் இறங்கியதும் டெலிபோன் பூத்திலிருந்து பயிற்சி நடத்துபவர்களுக்குப் போன் செய்து, நாளை நானும் வருவதாகச் சொல்லிவிட்டேன்.